நீர்ப்பிரம்மிச் சாறு: மீன் தீவனத்தில் கலந்து பார்த்தது

திலேப்பியா மீன் தொட்டிகளுக்காக, மீன் நோய்க்கு மருந்து என்று விற்கும் இந்த நீர்ப்பிரம்மி மூலிகைச் சாற்றை வாங்கினேன். கரும்பச்சை நிறம், அடியில் கொஞ்சம் மண்டி, மூடியைத் திறந்தாலே சாராய நெடி. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வெறும் தண்ணீரில் இறங்காத சில பொருட்கள் எத்தனாலில், அதாவது சாராயத்தில், இறங்கும்.

தீவனத்தில் தெளித்து, நிழலில் உலர்த்தி, மேலே லேசாக எண்ணெய் பூசிப் போட்டேன். எண்ணெய் பூசாவிட்டால் மீன் வாய் வைப்பதற்குள் பாதி மருந்து தண்ணீரோடு போய்விடும். லேபிளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை!

துடுப்பு ஓரம் லேசாக அரிக்க ஆரம்பித்த தொட்டியில் புண் பரவவில்லை; மீன்களும் சுறுசுறுப்பாக இரை எடுத்தன. ஆனால் அதே வாரம் தண்ணீரையும் மாற்றியிருந்தேன், அதனால் முழுப் பெருமையையும் பாட்டிலுக்குக் கொடுக்க மாட்டேன். வயிறு வீங்கி, செதில் சிலிர்த்து ஒதுங்கி நின்ற மீன்கள் பிழைக்கவில்லை. அவை தீவனத்தையே தொடவில்லை, மருந்து எப்படி உள்ளே போகும்?

'ஏரோமோனாஸை அடியோடு அழிக்கும்' என்ற விளம்பரம்தான் எரிச்சல். அது மீன்களுக்குப் புண்ணும் வயிற்று வீக்கமும் தரக்கூடிய, 'கிராம் நெகட்டிவ்' வகை பாக்டீரியா. அந்த வகைக்கு இருக்கும் கூடுதல் வெளிச்சவ்வு பல தாவரச் சாறுகளை உள்ளே விடாது. ஆய்வகத் தட்டில் சாற்றைச் சுற்றி பாக்டீரியா வளராத தெளிவான வளையம் விழுந்தாலும் குளத்தில் அதே வேலை நடக்கும் என்று சொல்ல முடியாது. நோய் வருமுன் எதிர்ப்பாற்றலுக்குக் கொடுக்கலாம். செறிவு எவ்வளவு என்று அச்சிட்டால் மறுபடி வாங்குவேன். இப்போதைக்கு ஐந்துக்கு மூன்று.