விமான இறக்கைக்குத் "தறி உதிரிபாகம்" என்று பாலிசி போட்டுக் கொடுத்த ஏஜென்ட்: கோவை, திருப்பூர்க்காரர்கள் கவனத்துக்கு

சோமனூர், பல்லடம் பக்கம் கிட் (நாமே கோத்துக்கொள்ளும்படி பாகம் பாகமாக வரும் தொகுப்பு) வாங்கி விமானம் கட்டுகிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆனால் விலையுள்ள மெஷினோ வெளிநாட்டுச் சாமானோ வாங்கி, பழைய தறிக்குடோனில் வைத்து, ஏஜென்ட் சொன்னதை நம்பி பாலிசி போட்டிருப்பவர்கள் ஏராளம். அவர்களும் படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நானும் மச்சானும் சேர்ந்து இரண்டு பேர் உட்காரும் அலுமினிய விமானம் ஒன்றைக் கட்டி வருகிறோம். மாமனார் தறிகளை எடைக்குப் போட்ட பிறகு காலியாகக் கிடந்த குடோன்தான் எங்கள் பட்டறை. கிட் அமெரிக்காவிலிருந்து பெட்டி பெட்டியாக வந்தது. கப்பலில் வரும் வரைக்கும் மரைன் பாலிசி இருந்தது. பெட்டியை நம் இடத்தில் இறக்கி வைத்ததோடு அது முடிந்துவிடும். அப்புறம் வருடக்கணக்கில் ரிவெட் அடித்துக் கோக்கிற காலத்துக்குத்தான் காப்பீடு தேவைப்பட்டது.

அமெரிக்காவில் இதற்கென்றே பாலிசி விற்கிறார்கள். விமானம் நகராமல் நிற்கும் நிலையில் தீ, திருட்டு, புயல் போன்றவற்றுக்குக் காப்பீடு. இன்ஜின் வந்ததும் தொகையை ஏற்றிக்கொள்ளலாம். இங்கே நாங்கள் விமானக் காப்பீடு என்று விசாரித்த இடத்திலெல்லாம் முதலில் பதிவு எண்ணைக் கேட்டார்கள். கட்டி முடிக்காத விமானத்துக்கு ஏது பதிவு எண்? மும்பையில் மொட்டை மாடியில் விமானம் கட்டிய அமோல் யாதவுக்கே பல வருடம் அலைந்த பிறகு 2017-இல்தான் பதிவு கிடைத்தது.

இந்த இடைவெளியில்தான் அந்த ஏஜென்ட் வந்தார். எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு வண்டி இன்சூரன்ஸ் போட்டுக் கொடுப்பவர். கிட்டின் பில், இறக்கையின் போட்டோ எல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்பி, "இவை விமான பாகங்கள்" என்று தெளிவாக எழுதினேன். "விடுங்கண்ணா, நான் பாத்துக்கிறேன். ஃபயர் பாலிசியில புயலு, மழை, திருட்டு எல்லாம் சேத்துப் போட்டுத் தர்றேனுங்க. இறக்கை, வாலு எல்லாமே கவர் ஆயிருமுங்க" என்று குரல் செய்தி அனுப்பினார். பணம் கட்டுவதற்கு என்று சொல்லி ஓடிபி கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஏப்ரல் கடைசியில் கோடை மழையோடு வந்த காற்றில் குடோனின் சிமெண்ட் சீட் பிய்ந்தது. சீட்டைத் தாங்கியிருந்த இரும்பு ஆங்கிள் ஒன்று இடது இறக்கையின் மேல் விழுந்தது.

சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் சர்வேயர் வந்தார். கையில் பாலிசியின் நகல். குடோனைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "தறி எங்கீங்க?" என்றார். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. காகிதத்தைத் திருப்பிக் காட்டினார். காப்பீடு செய்யப்பட்ட சொத்து என்ற கட்டத்தில் "விசைத்தறி இயந்திரங்கள் மற்றும் உதிரிபாகங்கள்" என்று இருந்தது. இறக்கை என்றோ விமானம் என்றோ எங்குமே இல்லை. பிறகு அவர் டேப் பிடித்து இறக்கையை அளந்து, எத்தனை கிலோ வரும் என்று கேட்டு, அலுமினியத்தின் எடை விலைக்குச் சேதம் எழுதிக்கொண்டு போனார்.

அந்தத் தகடு ஒரு மில்லிமீட்டர்கூடக் கனமில்லாதது. கார் கதவைப் போலத் தட்டி நிமிர்த்த முடியாது. ரிவெட்டுகளை ஒவ்வொன்றாகத் துளைத்து எடுத்து, முழுத் தகட்டையும் மாற்ற வேண்டும். இறக்கைக்குள் பளுவைத் தாங்கும் ஸ்பார் என்ற உத்தரம் வளைந்திருந்தால் புது ஸ்பார்தான். அதை நம்பித்தானே நாளைக்கு இரண்டு உயிர் மேலே போகப் போகிறது? கிலோக் கணக்கு எப்படி வரும்?

கடைசியில் அந்த எடை விலையும் வரவில்லை. உங்களிடம் தறி இல்லை, இருக்கும் பொருள் பாலிசியில் இல்லை என்று நிராகரித்துவிட்டார்கள். ஏஜென்டைக் கூப்பிட்டுக் கேட்டபோது, "சாஃப்ட்வேர்ல விமானம்னு ஆப்ஷனே வரலீங்கண்ணா, அதனாலதான் தறின்னு போட்டேன்" என்றார். தெரிந்தே செய்திருக்கிறார். ஆப்ஷன் இல்லை என்று அன்றைக்கே சொல்லியிருந்தால் வேறு வழி தேடியிருப்போம். சர்வேயர் மேல்கூட எனக்கு அவ்வளவு கோபமில்லை. ஏஜென்ட் செய்தது அப்பட்டமான ஏமாற்று.

கிட் கட்டுகிற யாராவது இதைப் படித்தால்: பாகங்களின் பெயர், அவை இருக்கும் முகவரி, இன்ஜின் பொருத்தியாயிற்றா இல்லையா என்பதெல்லாம் பாலிசியிலேயே இருக்க வேண்டும். இறக்கை ஓரிடம், இன்ஜின் ஓரிடம் என்றால் இரண்டு முகவரியும் வேண்டும். விமானத் திடலுக்கு லாரியில் ஏற்றிப் போகும் நாளுக்குத் தனியாகக் கேளுங்கள். உங்கள் உழைப்புக்கு மதிப்பு உண்டா என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தொகையை வருடாவருடம் திருத்துங்கள். அமெரிக்காவின் ஒரெகான் மாநிலத்திலுள்ள, விமான கிட் தயாரிக்கும் வேன்ஸ் நிறுவனம் 2023 டிசம்பரில் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போன சமயத்தில் கிட் விலைகள் ஏறின. பத்து லட்சம் பெறுமானமுள்ளதை ஐந்து லட்சத்துக்குப் போட்டிருந்தால், விகிதக் கணக்கு விதி உள்ள பாலிசியில் இரண்டு லட்சம் சேதத்துக்கு ஒரு லட்சம்தான் கிடைக்கும்.

நாங்கள் கம்பெனியின் குறைதீர் பிரிவுக்கு எழுதினோம். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, பதில் சரியில்லாவிட்டாலோ சென்னையிலுள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் (காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பாளர்) போகலாம். நிராகரித்த கடிதம் வந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. அவர் தரச் சொல்லக்கூடிய தொகையின் வரம்பை 2023-இல் 50 லட்சமாக உயர்த்தியிருக்கிறார்கள். வாட்ஸ்அப் உரையாடல், அந்தக் குரல் செய்தி, முன்மொழிவுப் படிவத்தின் நகல் எல்லாம் சேர்த்து மனு கொடுத்திருக்கிறோம். விசாரணை முடியாததால் ஏஜென்டின் பெயரை இங்கே போடவில்லை.

குடோனில் சாமான் வைத்து ஃபயர் பாலிசி எடுத்திருப்பவர்கள், யாரிடம் எடுத்திருந்தாலும் சரி, இன்றைக்கே அந்தச் சொத்து விவரக் கட்டத்தை எடுத்துப் பாருங்கள். உங்கள் சாமானின் பெயர் அதில் இல்லையென்றால், ஏஜென்டுக்குப் போன் போடாமல் கம்பெனிக்கே மெயில் அனுப்பி எண்டார்ஸ்மென்ட் (பாலிசியில் எழுத்துத் திருத்தம்) கேளுங்கள். இந்த வருடக் காற்று இன்னும் ஓயவில்லை.