கரி அடுப்பா, கேஸ் அடுப்பா?

கோடை மாலையில் நண்பர்களை அழைத்துத் தோட்டத்தில் சுட்டுச் சாப்பிடலாம் என்று முடிவெடுத்ததும் வரும் முதல் கேள்வி இதுதான்.

கரியில் சுட்டால் தனி மணம். இறைச்சியின் கொழுப்பு கனலில் சொட்டி, புகையாக எழுந்து மறுபடி இறைச்சியிலேயே படிகிறது. அந்த ருசிக்காகவே பலர் கரியை விடுவதில்லை. ஆனால் பொறுமை வேண்டும். பற்றவைத்து, கரியின் மேல் சாம்பல் பூக்க 20 முதல் 30 நிமிடம் ஆகும். அதற்கு முன் இறைச்சியை வைத்தால் வெளியே கருகி உள்ளே வேகாது. கனலை ஒரு பக்கமாக ஒதுக்கினால் இன்னொரு பக்கம் மெதுவாக வேகவைக்க உதவும். எரியும் கரி கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவை வெளிவிடும், அதனால் மழை வந்தாலும் வீட்டுக்குள் கொண்டுபோகவே கூடாது. சாம்பலும் மறுநாள்வரை சூடாக இருக்கலாம். குப்பையில் உடனே கொட்டாதீர்கள்.

கேஸ் அடுப்பு 10, 15 நிமிடத்தில் தயார். தீயைக் குமிழைத் திருப்பியே கூட்டலாம், குறைக்கலாம். பற்றவைக்கும்போது மூடி திறந்திருக்கட்டும். குழாய் இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் கசிவு.

எதில் சுட்டாலும் கோழி உள்ளே 74 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும்.

பத்துப் பேருக்கு மேல், வெவ்வேறு நேரத்தில் வருகிறார்கள் என்றால் நான் கேஸைத்தான் சொல்வேன். நாலைந்து நெருங்கிய நண்பர்கள் என்றால் கரிதான். கனல் பழுக்கும் அந்த அரைமணி நேரப் பேச்சு எனக்கு அவ்வளவு பிடிக்கும்.