ஒரே நாள், ஒரே பத்துக் கட்டளை, இரண்டு தீர்ப்பு

2005 ஜூன் 27 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் அரசு இடத்தில் வைத்த, பைபிளில் வரும் பத்துக் கட்டளைகளைப் பற்றி இரண்டு தீர்ப்பு சொன்னது. அரசு எந்த மதத்தையும் நிலைநாட்டக் கூடாது என்ற அரசியலமைப்பு விதியை இவை மீறுகின்றனவா என்பதுதான் கேள்வி. இரண்டும் 5-க்கு 4. டெக்சஸில் கட்டளைகளைப் பொறித்த கல் நிற்கலாம், கென்டக்கியில் மாட்டிய படத்தை இறக்க வேண்டும். இரண்டுக்கும் இடையில் பக்கம் மாறி வாக்களித்தவர் ஒரே நீதிபதி, பிரையர்.

டெக்சஸ் கல் ஆறடி உயரம், 1961-இல் ஒரு சங்கம் நன்கொடையாகக் கொடுத்தது. சட்டமன்ற வளாகத்தில் உள்ள 17 நினைவுச்சின்னங்களில் அதுவும் ஒன்று, நாற்பது வருடம் யாரும் வழக்குப் போடவில்லை.

கென்டக்கி கதைதான் சுவாரசியம். அங்கே இரண்டு கவுண்டி நீதிமன்றக் கட்டடங்களில் கட்டளைகளை மட்டும் மாட்டினார்கள். வழக்கு வந்ததும், மத வாசகம் உள்ள வேறு ஆவணங்களைப் பக்கத்தில் சேர்த்தார்கள். அதுவும் எடுபடாமல் போக, மூன்றாவது தடவை மேக்னா கார்ட்டா (இங்கிலாந்தின் பழைய உரிமைச் சாசனம்), சுதந்திரப் பிரகடனம் என்று அடுக்கி 'இது சட்ட வரலாறு' என்றார்கள். நோக்கம் மதம்தான் என்று நீதிமன்றம் கண்டுபிடித்துவிட்டது.

எனக்குக் கென்டக்கி தீர்ப்புதான் நேர்மையாகப் படுகிறது, ஏனென்றால் அது அரசின் நோக்கத்தைக் கேட்கிறது. டெக்சஸ் தீர்ப்பு கிட்டத்தட்ட புறம்போக்கில் நாற்பது வருடம் இருந்தவருக்குப் பட்டா கொடுப்பது மாதிரி. சரி, பழைய கல்லைப் பெயர்க்கப் போனால் அதுவே மதச் சண்டையாகும் என்ற பிரையரின் பயத்தை ஒதுக்கிவிடவும் முடியவில்லை.

2019-இல் மேரிலாந்தில் முதல் உலகப் போர் நினைவாக நின்ற 40 அடிச் சிலுவையை 7-க்கு 2 என்று விட்டுவைத்தபோது நீதிமன்றம் டெக்சஸ் வழியில்தான் போனது.