பிச்சாவரம் சதுப்பில் பாண்டம் 4 ஆர்டிகே: சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

அலையாத்திக் காட்டை அளக்க ட்ரோன் வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: மர எண்ணிக்கை வேண்டுமா, காட்டில் நடக்கும் மாற்றம் தெரிய வேண்டுமா? எண்ணிக்கைதான் என்றால் யோசித்து வாங்குங்கள். மாற்றம் என்றால் தயங்காமல் வாங்குங்கள்.

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் சுமார் 1,100 ஹெக்டேர் பரப்பு பிச்சாவரம். வாய்க்கால் ஓரமாகச் சுரபுன்னை, அதன் தாங்கு வேர்களைத் தாண்டி உள்ளே போனால் வெண்கண்டல். முழங்கால் சேற்றில் நின்று, பத்துக்குப் பத்து மீட்டரில் கயிறு கட்டி, டேப் பிடித்து அடிமரச் சுற்றளவு எடுத்தால் ஒரு கட்டத்துக்கே காலைப்பொழுது ஓடிவிடும். அதே நேரத்தில் ட்ரோன் பல ஹெக்டேரைப் படமெடுத்துத் திரும்பிவிடும். காப்புக்காடு என்பதால் வனத்துறை அனுமதி இல்லாமல் இங்கே பறக்க விட முடியாது, அதை முன்கூட்டியே வாங்கி வைத்துவிடுங்கள்.

என் ட்ரோன் பாண்டம் 4 ஆர்டிகே. ஆர்டிகே என்பது படமெடுத்த இடத்தைச் சென்டிமீட்டர் அளவுக்குத் துல்லியமாகக் குறிக்கும் ஜிபிஎஸ் திருத்த முறை. கேமரா 1 அங்குல சென்சார், 20 மெகாபிக்சல். 100 மீட்டர் உயரத்தில் ஒரு பிக்சல் தரையில் 2.7 சென்டிமீட்டர். சுரபுன்னை கரும்பச்சையாய் மினுங்கும், வெண்கண்டல் சாம்பல் கலந்த பச்சை. இரண்டுக்கும் நடுவிலுள்ள எல்லையை வரைபடத்தில் வெறும் கண்ணாலேயே கோடு போட்டுவிடலாம். ஆரம்பத்தில் எல்லோரும் தாழ்வாகப் பறந்தால் தெளிவு கூடும் என்று நினைப்பார்கள். காட்டில் அது எடுபடாது. கடல் காற்றில் கிளை ஆடும்போது, தாழ்வாக எடுத்த அடுத்தடுத்த படங்களில் ஒரே இலைக்கொத்து வேறு வேறு இடத்தில் இருக்கும். படங்களை ஒட்டி வரைபடமாக்கும் மென்பொருளால் பொருத்த முடியாமல் வரைபடத்தில் ஓட்டை விழும். நான் 100 மீட்டரை ஒட்டியே பறக்கிறேன். படங்கள் ஒன்றன்மேல் ஒன்று 80 சதவீதமாவது படிய வேண்டும். காற்று எழுவதற்குள் வேலையை முடித்துவிட வேண்டும். உச்சி வெயிலில் தண்ணீர் பளபளத்துப் படத்தைக் கெடுக்கும்.

மர எண்ணிக்கைக்கு வருவோம். கரையோரம் தனியாக நிற்கும் மரங்களை மென்பொருள் சரியாகவே பிரிக்கிறது. உள்ளே வெண்கண்டல் நெருங்கி நிற்கும் இடத்தில் ஐந்தாறு மரங்களின் தலை சேர்ந்து ஒரே கொத்தாகத் தெரியும், அது ஒரு மரமாகக் கணக்கில் ஏறும். உயரத்திலும் இதே கதைதான். இலைக்கு அடியில் இருக்கும் சேற்றுத் தரையைக் கேமரா பார்ப்பதில்லை. தரைமட்டம் தெரியாமல் மர உயரம் எப்படிக் கிடைக்கும்? வாய்க்கால் விளிம்பில் கடல்நீர் இறங்கும் வற்றத்தின்போது தெரியும் சேற்றை வைத்து ஓரளவு கணிக்கலாம், அவ்வளவுதான். உயரம் கட்டாயம் வேண்டும் என்றால் லைடார் (லேசர் ஒளியால் தூரம் அளக்கும் கருவி) தேவை, அதன் விலையே வேறு. அதனால் டேப்பை நான் இன்னும் கைவிடவில்லை.

நான் இதை விடாமல் பயன்படுத்துவதற்குக் காரணம் வாய்க்கால்கள். முன்பு இங்கே கூறு கூறாக மரம் வெட்டப்பட்டதில், வெயில் பட்ட மண் காய்ந்து அமிழ்ந்து பள்ளமானது. ஓதத்தில் (கடல்நீர் ஏறி இறங்குவதில்) வரும் நீர் அங்கே தேங்கி, ஆவியாகி, உப்பு ஏறியது. நட்ட கன்று பிழைக்கவில்லை. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, நீர் வந்து போக வழி செய்தபின்தான் அந்த இடங்களில் பசுமை திரும்பியது. அந்த வாய்க்கால்கள் தூர்ந்தால் பழைய நிலைதான்.

படகிலிருந்து பார்த்தால் வாய்க்காலின் வாய் மட்டும்தான் தெரியும். மேலிருந்து முழு நீளமும் தெரிகிறது. ஒரே மாதம், ஒரே உயரம், ஒரே ஓத நிலை என்று வைத்து எடுத்த இரண்டு ஆண்டுப் படங்களைக் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்தேன். ஒரு கிளை வாய்க்காலின் வாயில் மண் மேடு வளர்ந்திருந்தது, அதன் கடைசியில் நின்ற வெண்கண்டலின் தலை மெலிந்து வெளிறியிருந்தது. மரம் எதுவும் சாகவில்லை. நடந்து போயிருந்தால் கண்ணில் பட்டிருக்காது. ஆர்டிகே இல்லாத ட்ரோனில் இரண்டு ஆண்டுப் படமும் சில மீட்டர் விலகி நிற்கும், இடம் துல்லியமாகத் தெரிந்த அடையாளங்களை (தரைக்குறி) தரையில் வைத்துச் சரிசெய்ய வேண்டும். சதுப்பில் எங்கே போய்த் தரைக்குறி வைப்பது? ஆர்டிகேவுக்குக் கொடுத்த பணம் அங்கே வசூலாகிவிட்டது. அதன் தரை நிலைய முக்காலியை மட்டும் சேற்றில் ஊன்றாதீர்கள், மெல்ல அமிழும். கரையில் கெட்டியான இடம் பாருங்கள்.

படகிலிருந்து கிளப்புவதைத் தவிர்ப்பது நல்லது. தானாகத் திரும்பும் ட்ரோன் கிளம்பிய புள்ளிக்குத்தான் வரும், அதற்குள் படகு நகர்ந்திருக்கும். செம்பருந்தும் கவனம். "தம்பி, பருந்து வருது" என்று படகோட்டும் அண்ணன் குரல் கொடுத்தால் உடனே நிறுத்தி மேலே ஏற்றிவிடுவேன். வலசைப் பறவைகள் அடையும் பக்கம் குளிர்காலத்தில் போவதே இல்லை. வரைபடத்துக்காக அவற்றைக் கலைப்பது சரியில்லை.

பேட்டரி 30 நிமிடம் என்று போட்டிருக்கும். காற்றுக்கு எதிராக 20 நிமிடத்துக்கு மேல் நான் நம்புவதில்லை. உப்புக் காற்றுக்கு மருந்து துடைப்பதுதான்: வீடு திரும்பியதும் லேசாக ஈரத்துணி, அப்புறம் உலர்ந்த துணி, மோட்டார் ஓரங்களில் மென்மையான தூரிகை. 2022 பிப்ரவரியில் முழு ட்ரோன் இறக்குமதிக்குத் தடை வந்தது, பாகங்களுக்கு இல்லை. அதனால் பழைய ட்ரோன் வாங்குபவர்கள் பேட்டரி வீங்கியிருக்கிறதா, பதிவு எண்ணை உங்கள் பெயருக்கு மாற்றித் தருவார்களா என்று பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.