ஆண் பூனை வைத்திருப்பவர்களே, 1,280 வெள்ளி பேக்கேஜ் என்று யாராவது சொன்னால் இதைப் படித்துவிட்டு முடிவெடுங்கள்

கோபம் இன்னும் அடங்கவில்லை, அதனால் விஷயம் முன்னே பின்னே வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு விலங்கு கிளினிக்கின் ஆண்டு பேக்கேஜுக்கு 1,280 சிங்கப்பூர் வெள்ளி கட்டினோம். ஒரு காசு திரும்பி வரவில்லை. எங்கள் பூனை லட்டு இன்று உயிரோடு இருப்பது வேறொரு மருத்துவமனையின் புண்ணியம்.

எங்கள் பேட்டையில் வீவக (அரசு வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) புளோக்கின் கீழ்த்தளக் கடை வரிசையில் ஒரு விலங்கு மருத்துவ கிளினிக் இருக்கிறது. பெயர் சொல்லப் போவதில்லை. குடும்பமாக நடத்துகிறார்கள். அப்பா பெரிய டாக்டர், மகன் சின்ன டாக்டர், அம்மா கவுன்ட்டரில். தமிழ்க் குடும்பம். 2024 செப்டம்பரில் வீவக வீடுகளில் பூனை வளர்க்க அனுமதி கொடுத்தார்கள் இல்லையா, இரண்டு பூனை வரை வைத்துக்கொள்ளலாம், ஆனால் மைக்ரோசிப் போட்டு உரிமம் எடுக்க வேண்டும் என்று. அந்தச் சிப் போடத்தான் லட்டுவைக் கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனோம். வேறு எதுவும் வாங்கும் எண்ணமே இல்லை.

அந்த அம்மா கவுன்ட்டரை விட்டு வெளியே வந்தார். கூடையின் கதவைத் திறந்து, கையை உள்ளே விட்டு, லட்டுவின் தாடைக்குக் கீழே சொறிந்துகொண்டே, “என்னடா தங்கம், ஊசின்னா பயமா?” என்று தமிழில் கேட்டார். லட்டு யாரிடமும் போகாது. அவர் கையில் தலையைச் சாய்த்துக்கொண்டது. கூட வந்த என் மாமியாருக்கு மனசு அங்கேயே கரைந்துவிட்டது. எந்த கிளினிக்குக்குப் போனாலும் ஆங்கிலத்தில் திணறுகிறவர், இங்கே அரை மணி நேரம் ஊர்க்கதை பேசினார்.

அப்புறம்தான் பிளாஸ்டிக் உறை போட்ட அந்த அட்டை வெளியே வந்தது. ஆண்டு பேக்கேஜ். தடுப்பூசி, இரண்டு முறை ரத்தப் பரிசோதனை, மயக்கம் கொடுத்துப் பல் சுத்தம், வருடம் முழுக்க டாக்டர் கட்டணம் கிடையாது, இரவில் வாட்ஸ்அப் ஆலோசனை. மொத்தம் 1,280 வெள்ளி. “வியாபாரத்துக்குச் சொல்லலம்மா. நமக்குன்னா மெடிஷீல்டு காப்புறுதி இருக்கு, கிளினிக் கழிவுக்கு சாஸ் அட்டை இருக்கு. இதுங்களுக்கு என்ன இருக்கு? எல்லாம் கைக்காசு. நடுராத்திரி ஆனாலும் மெசேஜ் போடுங்க, என் மகன் பார்ப்பான்.” லட்டு இன்னும் அவர் மடியில்தான் இருந்தது. என் கணவர் பேநவ் குறியீட்டை ஸ்கேன் செய்தார். 1,280 வெள்ளி போயிற்று.

சிப் போட்டார்கள், தடுப்பூசி போட்டார்கள், அதோடு சரி. பல் சுத்தம் பற்றிக் கேட்டால் மெஷின் சர்வீஸுக்குப் போயிருக்கிறது. ரத்தப் பரிசோதனை கேட்டால், “பல்லுக்கு மயக்கம் கொடுக்கும்போது சேர்த்தே எடுத்துடலாம், எதுக்கு பிள்ளையை இரண்டு தடவை குத்தணும்?” கேட்க நன்றாகத்தான் இருந்தது.

ஒரு ராத்திரி லட்டு மணல் தட்டுக்குப் போவதும் வருவதுமாக இருந்தது. குந்தி உட்கார்ந்து முக்கும். ஒன்றும் வராது. அடிவயிற்றுக்குக் கீழே நக்கிக்கொண்டே இருக்கும், திரும்பவும் தட்டுக்குள் போகும். இடையில் ஒரு கத்தல், அந்தக் குரலை அதற்கு முன்னால் நாங்கள் கேட்டதே இல்லை. வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ஆண் பூனை, நாலு வயது, சிறுநீர் வந்த மாதிரித் தெரியவில்லை என்று எழுதியும் போட்டேன். நீலக் குறி உடனே விழுந்தது. பதில் வர வெகுநேரம் ஆனது. “மலச்சிக்கல். வேகவைத்த பூசணிக்காய் மசித்துக் கொடுங்கள். காலையில் வாருங்கள்.” கூடவே ஒரு பூனைப் பாத ஸ்டிக்கர் வேறு.

காலையில் கிளினிக் திறக்கும்போதே வாசலில் நின்றோம். சின்ன டாக்டர் வயிற்றை இரண்டு அழுத்து அழுத்தினார். ஒரு கண் எங்கள் மேல், ஒரு கண் போன் மேல். சிறுநீர் வரவில்லை டாக்டர் என்று நான் மறுபடியும் சொன்னேன். “பயப்படாதீங்கக்கா, மலம் இறுகியிருக்கு” என்று லாக்டுலோஸ் சிரப் கொடுத்து அனுப்பினார். சிரப்புக்கு 38 வெள்ளி தனி, பேக்கேஜில் மருந்து வராதாம்.

அன்று மாலைக்குள் லட்டு வாந்தி எடுத்து, கட்டிலுக்கு அடியில் போய்ச் சுருண்டுவிட்டது. தொட்டால்கூட நகரவில்லை. டாக்சி பிடித்து 24 மணி நேர விலங்கு மருத்துவமனைக்கு ஓடினோம். அங்கிருந்த டாக்டர் அடிவயிற்றில் கை வைத்தவுடனே முகம் மாறியது. என் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தார். உள்ளே பச்சை மாங்காய் மாதிரி கல்லாக ஒன்று. மலம் இல்லை, மூத்திரப்பை. சிறுநீர் வரும் வழி முழுசாக அடைத்துவிட்டிருந்தது.

அவர் சொன்னதை எழுதுகிறேன், ஆண் பூனை வைத்திருக்கிற எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டியது. ஆண் பூனைக்குச் சிறுநீர்க் குழாய் நுனியில் மிகவும் ஒடுங்கியிருக்கும். உப்புப் படிகமோ சளி மாதிரிக் கட்டியோ வந்து அங்கே அடைத்துக்கொள்ளும். பெண் பூனைக்கு இப்படி அடைப்பது அரிது. அடைத்துவிட்டால் சிறுநீரில் போக வேண்டிய பொட்டாசியம் ரத்தத்தில் ஏறி, இதயத் துடிப்பைக் கெடுக்கும். சிறுநீரகமும் அடி வாங்கும். ஓரிரு நாளில் உயிரே போய்விடும். முக்குவதைப் பார்த்து மலச்சிக்கல் என்று வீட்டில் இருப்பவர்கள் நினைப்பது சகஜமாம். அதற்குத்தானே டாக்டரிடம் போகிறோம்! மூத்திரப்பையைத் தடவிப் பார்த்தாலே தெரிகிற விஷயம் இது.

ரத்தத்தில் பொட்டாசியம் எகிறியிருந்தது. மயக்கம் கொடுத்து, மெல்லிய குழாய் விட்டு அடைப்பை எடுத்து, சொட்டு மருந்து ஏற்றி அங்கேயே வைத்துக்கொண்டார்கள். அந்தச் செலவு 2,900 வெள்ளிக்கு மேல். அதைப் பற்றி எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. தொகையை முதலிலேயே தாளில் எழுதிக் காட்டிக் கையெழுத்து வாங்கினார்கள், சொன்னதைச் செய்தார்கள்.

பேக்கேஜ் பணத்தில் பயன்படுத்தாத பகுதியையாவது திருப்பிக் கொடுங்கள் என்று கேட்கப் போனபோதுதான் அந்தக் குடும்பத்தின் இன்னொரு முகம் தெரிந்தது. போன் செய்தால் டாக்டர் ஆப்பரேஷனில் இருக்கிறார். நேரில் போனால் பெரிய டாக்டர் வெளிநாடு, அவர் வந்தால்தான் முடிவு. அவர் வந்த பிறகு கேட்டால், கணக்கு எல்லாம் அம்மாதான். அம்மாவிடம் கேட்டால், “அது சிஸ்டம்ல போயிடுச்சும்மா, சிஸ்டம்ல போனா எடுக்க முடியாது.” அன்றைக்கு தங்கம் என்று தாடையைச் சொறிந்தவர், லட்டு எப்படி இருக்கிறது என்று இதுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடைசியில் 50 வெள்ளிக்கு ஒரு குளிப்பாட்டும் வவுச்சர் நீட்டினார். பூனைக்கு! கவுன்ட்டரிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

இதைவிட ஒன்று. சிகிச்சைக் குறிப்பின் நகல் வேண்டும் என்று விடாமல் கேட்டு வாங்கினேன். ஒரே ஒரு தாள். அதில் எழுதியிருக்கிறது: ‘மலச்சிக்கல் சந்தேகம். எக்ஸ்ரே பரிந்துரைக்கப்பட்டது, உரிமையாளர் மறுத்துவிட்டார்.’ எக்ஸ்ரே என்ற சொல்லே அந்த அறையில் யார் வாயிலிருந்தும் வரவில்லை. என் மாமியார் பக்கத்தில்தான் நின்றார். படித்துக் காட்டியபோது அவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். 1,280 வெள்ளி வாங்கிக்கொண்டு, பழியையும் எங்கள் தலையிலேயே கட்டிவிட்டார்கள்.

சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்துக்குப் போகிறோம். 20,000 வெள்ளி வரை அங்கே கேட்கலாம், வக்கீல் வைக்க முடியாது, 5,000 வெள்ளிக்குள் என்றால் நம்மைப் போன்ற பயனீட்டாளருக்கு விண்ணப்பக் கட்டணம் 10 வெள்ளிதான். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். சிகிச்சை பற்றித் தனியாக அரசின் விலங்கு மருத்துவச் சேவைப் பிரிவான ஏவிஎஸ்ஸுக்கும் எழுதுகிறேன், விலங்கு மருத்துவர்களுக்கு உரிமம் கொடுப்பது அவர்கள்தான்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. அவசரமாக இவ்வளவுதான்: ஆண் பூனை முக்கியும் சிறுநீர் வரவில்லை என்றால் வாட்ஸ்அப்பில் பதிலுக்குக் காத்திருக்காதீர்கள், ராத்திரியானாலும் கிளம்புங்கள். மூத்திரப்பையைத் தொட்டுப் பார்த்தீர்களா என்று டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். வருடக் கணக்கில் முன்பணம் கட்டாதீர்கள். கட்டியே ஆக வேண்டும் என்றால், பணம் திரும்பக் கிடைக்குமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். ஒவ்வொரு முறையும் குறிப்பின் நகலை அன்றே கேளுங்கள்.

கிளினிக் எது என்று கமென்ட்டில் ஊகித்துப் பெயர் போடாதீர்கள், எனக்குத்தான் சிக்கல். இதே 1,280 வெள்ளி பேக்கேஜ் எடுத்து மாட்டிக்கொண்டவர்கள் இருந்தால் ரசீதோடு எனக்குத் தனியாக மெசேஜ் போடுங்கள்.