வில் வாங்கப் போகிறவர்களுக்கு: 1,870 டாலர் போன கதை

கொலராடோவில் வில்வேட்டை பழகலாம் என்று நினைக்கும் நம்மவர்கள் யாராவது இருந்தால், இதைப் படித்துவிட்டு அப்புறம் கடைக்குப் போங்கள். எனக்கு 1,870 டாலர் போய்விட்டது. கோபம் இன்னும் அடங்கவில்லை, எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

"நம்ம ஊரில் முயல் அடித்தாலே 1972 வனவிலங்குச் சட்டத்தில் உள்ளே போட்டுவிடுவான், உனக்கு எதற்கு இந்த வேலை?" என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே முறையாக வகுப்பு நடத்தி, தேர்வு வைத்து, சான்றிதழ் கொடுத்துத்தான் உரிமம் தருகிறார்கள். 1949-இலோ அதற்குப் பிறகோ பிறந்தவர் யாரானாலும் அந்த வகுப்பை முடித்திருக்க வேண்டும். முடித்தேன். எல்க் என்பது பெரிய மான் வகை; செப்டம்பர் மாத எல்க் சீசனுக்கு டேக்கும், அதாவது ஒரு விலங்கை அடிப்பதற்கான அனுமதிச் சீட்டும், வாங்கினேன். ஃபிளாட் டாப்ஸ் பக்கம், வண்டி போகாத மலைக்காட்டில் பத்தாயிரம் அடி உயரத்தில் கூடாரம் போட வேண்டும், மான் விழுந்தால் இறைச்சியை அறுத்து முதுகிலேயே சுமந்து இறக்க வேண்டும். நாற்பது வயதுக்கு மேல் இதற்காகக் கோடை முழுக்க மணல் மூட்டையைக் கட்டிக்கொண்டு மலை ஏறி இறங்கினேன். உடம்பு தயார். மீதி இருந்தது வில் மட்டும்தான்.

டென்வரைச் சுற்றியுள்ள புறநகர் ஒன்றில் பழைய கடை. சுவர் முழுக்க எல்க் தலைகள், கவுண்டரில் வெள்ளைத் தாடி வைத்த பெரியவர். நான் வேட்டைக்குப் புதுசு என்று சொன்னதும் சிரிக்கவில்லை. காபி கொடுத்தார். பின்னால் இருந்த பயிற்சிக்கூடத்துக்குக் கூட்டிப்போய், தோளைத் தொட்டு நிமிர்த்தி, மூச்சை எப்படி விட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். நான் விட்ட அம்பு இலக்கின் ஓரத்தில் குத்தியதும் "உனக்கு இது பிறவியிலேயே இருக்கிறது" என்றார். அந்த ஒரு சொல்லில்தான் விழுந்தேன். யார் விழமாட்டார்கள்?

காம்பவுண்ட் வில், அதாவது முனைகளில் சக்கரம் வைத்த நவீன வில், இழுவிசை 70 பவுண்டு. "இதற்குக் குறைந்தால் எல்க் விழாது" என்றார். மாநில விதி கேட்பது குறைந்தபட்சம் 35 பவுண்டுதான். இழுப்பு நீளம், அதாவது நாணைப் பின்னால் இழுக்கும் தூரம், 29 அங்குலம் வைத்திருந்தது. இரண்டு கைகளையும் விரித்து விரல் நுனிக்கு விரல் நுனி அளந்து 2.5-ஆல் வகுத்தால் உங்கள் நீளம் ஓரளவு தெரிந்துவிடும். எனக்கு 27 வருகிறது. இந்தக் கணக்கு அவருக்குத் தெரியாதா என்ன? அளவுநாடாவை அவர் கையில் எடுக்கவே இல்லை. "நீளத்தை மாற்றும் சின்ன மாட்யூல் ஒன்று மாற்றினால் சரியாகிவிடும், ஆர்டர் போட்டுவிடுகிறேன்" என்றார். "வாரண்டி பதிவையும் நாங்களே செய்துவிடுவோம்" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "கார்டு கம்பெனிக்கு எதற்கு அழுவது? பணமாகக் கொடு, கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன்" என்றார். வில், அம்புகள், குறிபார்க்கும் சைட், அம்புக்கூடு எல்லாம் சேர்த்து 1,870 டாலர். ரொக்கம்.

நீளம் கூடிய வில்லில் நாண் ஒவ்வொரு முறையும் முன்கையில் அறைந்து தோல் கருத்துப்போனது. மாட்யூல் வரவில்லை. போன் செய்தால் "வந்துகொண்டிருக்கிறது". நேரில் போனால் "டெக்னீஷியன் எல்க் முகாமில் இருக்கிறார், சீசன் பாருங்கள்". ஐயா, எனக்கும் அதே சீசன்தானே! பெரியவர் என்னைக் கண்டதும் உள்ளே போய்விடுவார். காபியும் கிடையாது. கவுண்டரில் ஒரு பையன் மட்டும் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பான்.

ஒரு நாள் வில்லிலிருந்து டிக் டிக் என்று சத்தம் கேட்டது. வேறொரு ஊரில் வில் பழுதுபார்க்கும் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் பஞ்சை எடுத்து லிம்பின் மேல், அதாவது வளையும் அந்தத் தகட்டின் மேல், மெதுவாக ஓட்டினார். ஓரிடத்தில் பஞ்சு சிக்கி நூலாக நின்றது. விரிசல். "உள்ளே பழைய அழுக்கு படிந்திருக்கிறது. இது புது விரிசல் இல்லை. இனி இழுக்காதே, முகத்துக்கு நேராக வெடிக்கும்" என்றார்.

திரும்ப அந்தக் கடைக்குப் போனேன். இந்தத் தடவை மேனேஜர் என்று ஒருவர். வில்லைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "அம்பு வைக்காமல் இழுத்து விட்டிருப்பாய். புதியவர்கள் எல்லாரும் செய்வதுதான்." அப்படி வெறும் நாணை விட்டால் அம்புக்குப் போக வேண்டிய விசை முழுக்க வில்லுக்கே திரும்பி லிம்ப் பிளக்கும் என்பது உண்மை. வேட்டை வகுப்பு முடித்தவனுக்கு அது தெரியாதா? நான் ஒரு தடவைகூட அப்படி விட்டதில்லை. ஆனால் புதியவன் என்ற ஒரு சொல்லே அவர்களுக்குப் போதும், எந்தப் பழியையும் அதன் தலையில் போட்டுவிடலாம்.

வில்லில் இருந்த வரிசை எண்ணை வைத்துத் தயாரிப்பாளரிடமே கேட்டேன். அந்த வில் போன வருடமே வேறொருவர் பெயரில் பதிவாகியிருக்கிறதாம். வாரண்டி முதல் உரிமையாளருக்கு மட்டும். யாரோ ஒரு உயரமான மனிதர் வாங்கி, உடைத்து, திருப்பிக் கொடுத்த வில்லைத் துடைத்து, புதுசு என்று என் கையில் கொடுத்திருக்கிறார்கள். 29 அங்குலம் எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறதா? 1,870 டாலர்! இதைச் சொல்லிக் கேட்டபோது அந்த மேனேஜர் சொன்ன பதில்: "ரசீதில் புதுசு என்று எங்கே எழுதியிருக்கிறது?"

விவரமாக வழிகாட்டி எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். மனம் வரவில்லை. இவ்வளவு மட்டும்: ரொக்கம் கொடுக்காதீர்கள், கிரெடிட் கார்டு என்றால் வங்கியிடம் முறையிட வழி இருக்கும். வரிசை எண்ணைக் கடையில் நிற்கும்போதே தயாரிப்பாளரிடம் கேளுங்கள், பதிவையும் நீங்களே செய்யுங்கள். கை நீளத்தை வீட்டிலேயே அளந்துகொண்டு போங்கள். பையில் கொஞ்சம் பஞ்சு. ரசீதில் "புதியது" என்று எழுதி வாங்குங்கள்.

கடை பெயரைக் கேட்காதீர்கள். மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தில் புகார் கொடுத்திருக்கிறேன், அது முடியட்டும். சீசன் 30-ஆம் தேதியோடு முடிகிறது. டேக் பணமும் போச்சு, அதை இந்த 1,870-இல் நான் சேர்க்கவே இல்லை.