செம்பேனுக்குக் கறுப்பு வண்டு: நான்கு கோடை பார்த்தாயிற்று

ஒட்டன்சத்திரம் பக்கம் எனக்கு ஒரு ஏக்கர் காய்கறி. பாதி வெண்டை, பாதி கத்தரி. மாசி பிறந்தால் செம்பேன் வந்துவிடும். இலைக்கு அடியில் இருந்து சாறு உறிஞ்சுகிற, கண்ணுக்கு லேசில் தெரியாத சிவப்புச் சிலந்திப்பேன் அது. முதலில் இலையின் மேல்பக்கம் ஊசியால் குத்தியது போல வெளிறிய புள்ளிகள். அப்புறம் இலையே துருப்பிடித்த நிறமாகி, அடியில் ஒட்டடை கட்டிவிடும்.

2021 கோடையில் வாரம் ஒரு மருந்து அடித்தேன். காய்ப்புழுவுக்கென்று பைரித்ராய்டு வகை மருந்து அடித்த பிறகுதான் பேன் கண்மண் தெரியாமல் பெருகியது. அந்த மருந்து பேனைப் பெரிதாக ஒன்றும் செய்யாது, பேனைத் தின்கிறவற்றைக் கொன்றுவிடும் என்பது எனக்கு அப்போது தெரியாது.

அடுத்த வருஷம், பேனைத் தின்னும் என்று நினைத்துப் பொறிவண்டு வாங்கிவிட்டேன். நூறு கிரிப்டோலேமஸ். அது மாவுப்பூச்சி தின்கிற வண்டு. 1898-லேயே காப்பித் தோட்டத்துச் செதில் பூச்சிக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து இங்கே கொண்டுவந்தது. செம்பேனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. விசாரிக்காமல் வாங்கியது என் தப்பு. கத்தரியில் கொஞ்சம் மாவுப்பூச்சி இருந்ததால் அங்கே முட்டை வைத்துப் புழுவும் வந்தது. உடம்பெல்லாம் வெள்ளை மெழுகு இழை. அம்மா அதையே மாவுப்பூச்சி என்று நினைத்து ஒவ்வொன்றாக நசுக்கிவிட்டார். முதலும் போனது, வட்டியும் போனது.

எனக்கு வேண்டிய வண்டு வரப்பிலேயே இருந்தது. வீட்டுக்கென்று வைத்த பத்து மரவள்ளிச் செடி. மருந்தே காணாதவை. அதிலும் செம்பேன் உண்டு, ஆனால் செடி நன்றாக நின்றது. ஒரு இலையைத் திருப்பி லென்ஸ் வைத்துப் பார்த்தேன். எள்ளில் பாதி அளவில் மொழுமொழுவென்று ஒரு கறுப்பு வண்டு. ஸ்டெத்தோரஸ். இதுவும் பொறிவண்டுச் சாதிதான், புள்ளிதான் கிடையாது. பக்கத்தில் சாம்பல் கறுப்பில், மயிர் சிலிர்த்த புழு. அது ஒரு பேனைப் பிடித்துச் சாற்றை உறிஞ்சிவிட்டு, வெறும் தோலைப் போட்டுவிட்டு அடுத்ததற்கு நகர்ந்தது. இலை அசைந்ததும் வண்டு பொத்தென்று கீழே விழுந்து செத்த மாதிரி கிடந்தது. லென்ஸ் இல்லாமல் பார்த்திருந்தால் மண் துகள் என்று விட்டிருப்பேன்.

2023-லிருந்து செய்வது இவ்வளவுதான். வெண்டையில் ஒட்டடை தெரிந்ததும், புழுவும் கூட்டுப்புழுவும் இருக்கிற மரவள்ளி இலைகளை வெயில் ஏறுமுன் பறித்து, பேன் அதிகமான செடிகளின் கிளை இடுக்கில் செருகிவிடுவேன். இலை காய்வதற்குள் புழு ஏறிவிடும். பைரித்ராய்டை அறவே விட்டுவிட்டேன். காய்ப்புழுவுக்கு இனக்கவர்ச்சிப் பொறி (பெண் அந்துப்பூச்சியின் வாசனை காட்டி ஆணைப் பிடிப்பது), சொத்தைக் காயைப் பொறுக்குவது, தேவைப்பட்டால் வேப்பங்கொட்டைக் கரைசல்.

உடனே பலன் கேட்கிறவர்களுக்கு இது ஒத்துவராது. வெயில் காலத்தில் பத்து நாளுக்குள் பேன் ஒரு தலைமுறை முடித்துவிடும். வண்டுக்கு அதைவிட நாள் கூடுதல். வளர்ந்த வண்டு நாளுக்கு முப்பது, நாற்பது பேன் தின்றாலும், பேன் பெருகின பிறகுதான் அது வந்து முட்டை வைக்கும். அதனால் அடி இலைகள் போகத்தான் செய்யும். முதல் வருஷம் இரண்டு பறிப்பு வெண்டை எனக்கு நஷ்டம். பக்கத்துத் தோட்டத்து அண்ணன் வரப்பில் நின்று கேட்டார்: “வண்டு வந்து தின்னட்டும்னு நீ உட்கார்ந்திருக்கே தம்பி, வெண்டைக்காய் முத்தாம காத்திருக்குமா?”

அவர் கேட்டதிலும் நியாயம் உண்டு. மண் ரோட்டை ஒட்டிய நான்கு வரிசையில் புழுதி படிவதால் பேன் எப்போதும் அதிகம், வண்டு அங்கே தோற்றுவிடும். அந்த வரிசைக்கு மட்டும் நனையும் கந்தகம் (தண்ணீரில் கலக்கி அடிக்கிற கந்தகத் தூள்), லிட்டருக்கு மூன்று கிராம், சாயங்காலத்தில் அடிக்கிறேன். உச்சி வெயிலில் அடித்தால் இலை கருகும்.

அதே அண்ணன் போன வருஷம் ஆசையாகக் கூப்பிட்டு, தன் கத்தரியில் பொறிவண்டு நிறைய வந்திருப்பதாகக் காட்டினார். பழுப்புச் சிவப்பில், மினுமினுப்பே இல்லாமல், முதுகெல்லாம் புள்ளி. எண்ணினால் இருபத்தெட்டு. இலையைச் சல்லடையாகச் சுரண்டித் தின்கிற வண்டு அது. பொறிவண்டு வம்சத்தில் பிறந்த திருட்டுப் பயல். சொன்னதும் அவர் முகம் போன போக்கை என்ன சொல்ல.

மழை இறங்கினால் பேன் அடங்கும், வண்டும் காணாமல் போகும். மறு வருஷத்துக்கு விதை மாதிரி இருப்பது மரவள்ளிதான். பத்துச் செடி இப்போது முப்பதாகிவிட்டது. கிழங்குக்காக யார் கேட்டாலும் எல்லாவற்றையும் ஒரே நாளில் பிடுங்க விடுவதில்லை. பேனுக்காக வாங்கும் மருந்துச் செலவு, 2021-ஐப் பார்க்க, கால்வாசி இருக்கும்.

இன்று காலை வெண்டை இலையை வெள்ளைத் தாளில் தட்டிப் பார்த்தேன். செம்பேன் பதினொன்று, கறுப்பு வண்டு ஒன்று. ஸ்பிரேயரை ரோட்டோர வரிசையோடு நிறுத்திக்கொண்டேன்.